இல்லாத மூக்கால் மோந்து பார்த்த குழம்பு

போன ஞாயிறு ஒரு கடையின் காலை வியாபாரத்தையே கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என் மூக்கால்... இல்லை, வாயால்!

திருவிடந்தையில், ஈசிஆர் ஓரமாக, செல்வி அக்காவின் இட்லிக் கடை. சனிக்கிழமை வைத்த மீன் குழம்பை ஞாயிறு காலை இட்லியோடு கொடுப்பார். ஒரு ராத்திரி ஊறிய அந்தக் குழம்புக்காகவே செங்கல்பட்டிலிருந்தெல்லாம் பைக்கில் வருவார்கள். கேளம்பாக்கத்திலிருந்து போகிற நானும் அந்தக் கூட்டம்தான்.

அன்று கடை திறக்கும்போதே ஆஜர். அக்கா ஒரு கரண்டி குழம்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“தம்பி, காய்ச்சல் வந்துட்டுப் போனதுலேர்ந்து எனுக்கு மூக்கு அவுட்டு. வாயில வச்சா புளிப்பு தெரியுது. அது புளியா, ஊசிப்போச்சான்னு தெர்ல. வூட்டுக்காரரும் கடலுக்குப் பூட்டாரு. நீதான் சாப்பாட்ட பத்தி எழுதுற ஆளாச்சே, மோந்து பாத்து சொல்லு.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

எனக்கும் அதே கதைதான். வைரஸ் காய்ச்சல் விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாசனை மட்டும் திரும்பவில்லை. காபி என்றால் வெறும் சூடு. மல்லிகை என்றால் வெறும் வெள்ளை. யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவனுக்கு மூக்கு இல்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? போன வாரம் இதே பத்தியில் நீங்கள் படித்த பிரியாணி வாசனைகூட ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதியதுதான். மன்னித்துவிடுங்கள்.

கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்தேன்.

“சூப்பர்க்கா! வாசன அள்ளுது!”

முதல் தட்டு, வாடிக்கையாக வரும் ஆட்டோக்காரருக்கு. வாய்வரை கொண்டுபோன கையை அப்படியே இறக்கினார்.

“இன்னாக்கா, குப்புன்னு அடிக்குது? ஊசிப்போன கொழம்ப ஊத்திகினு கீற!”

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவர் போனில், “மச்சான், இன்னிக்கு இங்க வராத” என்றார். அக்காவின் கடை எத்தனை வருடமாகச் சம்பாதித்த பெயர் அது!

அக்கா என்னைப் பார்த்தார். “உனுக்கும் வாசன தெர்லயா?”

தலையாட்டினேன்.

“அடப்பாவி! சொல்லியிருந்தா பக்கத்து வூட்ல மோந்து பாக்க சொல்லியிருப்பேன்ல? இதுல இன்னா மானம் போவுது உனுக்கு?”

அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய், கடைக்குப் பின்னால் குழிவெட்டிக் கொட்டினோம். ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தொல்லை இல்லை.

நான் மூடிக்கொள்ள நினைத்தது முகத்தை.