மூலையில் பட்ட மை

நான் கப்பல் ஏறியது ஒரே தடவைதான். நாகப்பட்டினத்தில் ஏறினேன், பினாங்கில் இறங்கினேன். நடுவில் கடல் ஏழு நாள். அதற்கு மேல் பன்னிரண்டு நாள், கரை கண்ணுக்குத் தெரிந்தும் கால் வைக்க விடாத நாள். அதையும் பயணத்தோடுதான் சேர்த்துச் சொல்லுவேன். போகவேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேராதவரை பயணம்தானே.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு என் வீட்டுக்காரர் பினாங்குக்குத் திரும்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் அவருக்கு வேலை. இனிமேல் அனுப்பி வைக்கலாம் என்று எழுதினார். சுங்கை பாக்காப் தோட்டத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு என்னைச் சேர்த்து அனுப்பினார்கள். அந்த வீட்டு அக்காவின் பாய்க்குப் பக்கத்தில்தான் கப்பலிலும் என் பாய்.

கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கப்பல்லேருந்து ஒரு கார்டு போடு. மஞ்சத் தடவிப் போடு."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் தெருவில் படிக்கத் தெரிந்தவர் ஒரு வாத்தியார்தான், அவரும் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். காலையில் வந்த கார்டை வைத்துக்கொண்டு அதுவரை அம்மா என்ன செய்வார்? மூலையைப் பார்ப்பார். மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, மாடத்தில் செருகிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கறுப்பு மை இருந்தால் சாவு. என் அப்பா ரங்கூனில் இறந்த சேதி அப்படித்தான் வந்தது. தபால்காரர் கையில் இருக்கும்போதே அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு அம்மா வாசற்படியில் விழுந்தார். எழுப்பி உட்கார வைத்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இன்னொரு தடவை இப்படி விழுந்தால் பிழைக்க மாட்டார் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். மூன்று வருஷமாக என் வீட்டுக்காரருக்குப் போன கடிதமெல்லாம் என் சித்தி மகள் கையெழுத்து. சொல்வது நான், எழுதுவது அவள். அவர் அதைக் கடையில் நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்படுகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் என்றே தோன்றவில்லை.

கப்பலில் கார்டு எழுத முடியவில்லை. மேல்தட்டில் வெள்ளைக்காரப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, படம் போட்ட கார்டுகளாக எழுதிக் குவிப்பதை ஏணியடியில் நின்று பார்ப்பேன். கீழே எங்களுக்குத் தண்ணீர் பிடிக்கவே வரிசை. தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கங்காணி ஒருவர்தான் கீழ்த்தட்டில் எல்லாருக்கும் கார்டு எழுதித் தருபவர். எனக்குக் கண் எரிச்சல், நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார்.

"எழுதறேன் தாயி. முதல்ல இந்தக் கடலை நிறுத்தச் சொல்லு" என்றார்.

பினாங்கு மலை தெரிந்த அன்று கீழ்த்தட்டில் ஒருவருக்கு அம்மை கண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேல்தட்டுக்காரர்கள் தொப்பியும் குடையுமாகப் படகேறி நேரே டவுனுக்குப் போனார்கள். எங்களை எல்லாம் எதிரே இருந்த ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோய், நோய் பரவாதபடி தனியாக வைக்கும் கொட்டகையில் அடைத்தார்கள். பெட்டி, மூட்டை, முடிச்சு எல்லாவற்றையும் ஆவி காட்ட வாங்கிக்கொண்டார்கள். நாற்றமடிக்கும் மருந்துத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். கையில் குத்தினார்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எங்களை வரிசையாக உட்கார வைத்துத் தலையை எண்ணினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கு. என் வீட்டுக்காரர் அங்கேதான் எங்கேயோ அரிசி நிறுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் உட்கார முடியாது. நடக்கலாம் என்று பார்த்தால் கொட்டகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அறுபது அடி வைத்தால் முடிந்துவிடும்.

மூன்றாம் நாள், கார்டு எழுதினால் தபால் படகில் போகும் என்றார்கள். ஊருக்குப் போகும் கப்பல் மறுநாள் சாயங்காலம் புறப்படுகிறது, இதை விட்டால் அடுத்த வாரம்தான். கங்காணி தெளிந்து உட்கார்ந்திருந்தார். நான் சுகம், கவலை வேண்டாம், இன்னும் சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று எழுதினார்.

"பேரை நானே எழுதறேன்" என்று பேனாவை வாங்கினேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றுமே எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. மையில் தொட்டு எழுதும் பேனா. நான் பிடித்ததே பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பலப்பம்தான். அழுத்தியதும் பேனா துப்பிவிட்டது. கட்டைவிரலால் துடைத்தேன், பெயரில் பாதியை மூடிக்கொண்டு மூலை முழுக்க அப்பிக்கொண்டது. யாரும் பார்ப்பதற்குள் கார்டைத் திருப்பிப் பிடித்துத் தபால் பையில் போட்டுவிட்டேன்.

படகு போன பிறகு அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "மஞ்சத் தடவுனியா?"

"மஞ்சள் பெட்டியில மாட்டிக்கிச்சுக்கா."

"சமையக்காரன்கிட்ட ஒரு சிட்டிகை கேட்டா குடுத்திருப்பானே? நான் அப்படித்தான் தடவுனேன்."

"யாருகிட்டயும் போய் நிக்கப் பிடிக்கலக்கா."

"வெறுங்கார்டாவா போட்ட?"

"வெறுங்கார்டுதான். மூலையில கொஞ்சம் மை பட்டுச்சு."

அக்காவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. எழுந்து வேலி வரைக்கும் ஓடினேன். படகு சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. காவல்காரர் கம்பைக் குறுக்கே நீட்டினார். என்னத்தைச் சொல்லி அவருக்குப் புரியவைப்பது? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நல்ல சேதியைத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் வாத்தியார் வந்து படிப்பதற்குச் சாயங்காலம் ஆகும், அம்மா காலையிலேயே பார்த்துவிடுவார். என் கையால் என் சாவுச் சேதியை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேருகிற வரைக்கும் இங்கே உட்கார்ந்து தலை எண்ணக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சம்பான் என்கிற சின்னப் படகில் வந்தார். டவுனிலிருந்து வருகிறவர்கள் துறையோடு நின்றுவிட வேண்டும். ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இன்னொரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு மாட்டு வண்டி திரும்புகிற இடம். கத்தித்தான் பேச வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் புருஷன் முகத்தைப் பார்க்கிறேன். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"ஏங்க, கார்டுல மை கொட்டிடுச்சு!"

"கொட்டுனா என்ன? வேற எழுதிக்கலாம்!"

"அது நேத்தே போயிடுச்சுங்க. மூலையில கொட்டிடுச்சு!"

அப்பா சேதி வந்த கதை அவருக்குத் தெரியும். "இரு, இப்பவே போய்த் தந்தி அடிச்சுடறேன்" என்றார்.

என் பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஐயையோ!" என்றார்கள்.

"தந்தியைக் கண்டா கார்டு வர்றதுக்கு முன்னாலயே அந்த அம்மா போயிடும்" என்று அக்கா கத்தினார். "உங்களுக்கு நல்லா இருக்குங்க யோசனை!"

அவர் யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டையும் பென்சிலையும் எடுத்துக் காவல்காரரிடம் ஏதோ மலாயில் பேசிக் கொடுத்தார். எழுதியதைப் புகை காட்டித் திருப்பித் தருவதாக ஏற்பாடு. "நாலு வரி எழுதிக் குடு. மஞ்சத் தடவி இன்னைக்குக் கப்பல்லயே சேர்த்துடறேன். ரெண்டும் ஒண்ணாப் போயிடும். உன் கையெழுத்து இருந்தாத்தான் அவங்க நம்புவாங்க. சீக்கிரம், தபால் மூடிருவான்."

கார்டு என் கைக்கு வந்தது. இருபுறமும் நாற்பது பேர். கை வலி என்று சொல்லலாம். கண் எரிச்சல் என்று சொல்லலாம். அந்தச் சாக்கெல்லாம் கப்பலிலேயே சொல்லியாகிவிட்டது. அம்மா படியில் விழுவதுதான் கண்ணில் நின்றது.

"எனக்கு எழுத வராதுங்க" என்றேன்.

"என்ன?"

"எழுதவே வராதுங்க!"

இதை இரண்டு தடவை கத்தவேண்டி வந்தது.

"அப்ப மூணு வருஷமா எனக்கு எழுதுனது?"

"சித்தி மக!"

அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர், "அப்ப நீங்க கட்டுனது சித்தி மகளைலா, அண்ணே!" என்றார். சிரிப்பு எழுந்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கார்டைக் காவல்காரரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். "சரி, நானே எழுதறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சம்பானைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள். அவர் வரவில்லை. கார்டு போட்டாரா, போடவில்லையா, தபால் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தாரா, யாரிடம் கேட்பது? பெண்கள் என்னிடம் அன்பாகப் பேசத் தொடங்கினார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்களைத் தீவிலிருந்து விட்ட அன்று அவர் டவுன் துறையில் நின்றிருந்தார். "போட்டுட்டேன்" என்றார். நான் கேட்காமலே சொன்னார். அத்தோடு சரி.

குடித்தனம் கடைக்கு மேலே பின்னறையில். ஜன்னல் ஒன்று, அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கும். கீழே கடை முழுக்க ஆண்கள், அவர் வந்து கூட்டிப் போகாமல் படி இறங்க முடியாது. தீவில் கடலாவது தெரிந்தது. ஐந்து வாரம் கழித்து வாத்தியாரின் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர்தான் எனக்குப் படித்துக் காட்டினார்.

இரண்டு கார்டும் ஒரே நாளில் வந்தனவாம். தபால்காரர் நல்ல மனுஷன், கறுப்பை மஞ்சளுக்கு அடியில் மறைத்துத்தான் கொண்டுவந்தாராம். அம்மா பார்த்துவிட்டார். விழவில்லை, உட்கார்ந்துவிட்டார். ஆனால் நம்பவில்லை. மஞ்சள் கார்டு மாப்பிள்ளை எழுதியது, மாப்பிள்ளை சாவை மறைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு, வெறும் கஞ்சியோடு சுருண்டு கிடக்கிறாராம். அம்மா சொல்லி வாத்தியார் எழுதியிருந்தார்: 'அவ உயிரோட இருந்தா, கிளம்புற அன்னைக்குக் காலையில நான் ஏன் அவளை அடிக்கக் கை ஓங்குனேன்னு எழுதச் சொல்லுங்க.'

என் வீட்டுக்காரர் கடிதத்தை மடித்தார். "ஏன் ஓங்குனாங்க? சொல்லு, எழுதிடறேன்."

அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "சிலேட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றேன். "நானே எழுதறேன்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வருகிற நேரத்தில் சொல்லிக் கொடுத்தார். எல்லா எழுத்தும் கற்க நேரமில்லை, அம்மா அங்கே கஞ்சியில் கிடக்கிறார். எனக்கு வேண்டிய எழுத்தை மட்டும் கேட்டேன். வரிசையாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று கலைத்துக் கலைத்துக் கேட்டேன். அவர் போன பிறகு அந்தச் சுவரைப் பார்த்தபடி சாயங்காலம் வரை எழுதி எழுதி அழிப்பேன். மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் கார்டில் எழுதினேன்: 'அந்த ஆள் வேண்டாம், நான் போக மாட்டேன் என்றேன். அதற்குத்தான்.' கீழே என் பெயர்.

தபாலில் சேர்க்க அவரிடம்தான் கொடுக்க வேண்டும், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"இப்பவும் அதேதானா?"

"கார்டுல இடம் முடிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

கார்டோடு படி இறங்கிப் போனார்.

பதில் வர எவ்வளவு நாள் ஆயிற்று என்று நினைவில்லை. வந்தது. வாத்தியார் என் கார்டைத் தெருவில் நின்றே சத்தமாகப் படித்தாராம். அம்மா எழுந்து போய் அடுப்பை மூட்டிச் சோறு வடித்தாராம். பிறகு வந்து எழுதச் சொன்னாராம்: 'கழுதை உயிரோடதான் இருக்கா. மாப்பிள்ளை கண்ணுல படுற மாதிரி இதையா திறந்த கார்டுல எழுதுவா? ஒரு கவர் வாங்கத் தெரியாதா அவளுக்கு?'

இதையும் அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார்.