நாற்பதில் தொடங்கிய எடை

தராசு அன்று காலை கணினியில் தவறான எண்ணைத் தட்டினாள். நாற்பது என்று கொடுக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து. அது வேறொரு நட்சத்திர ஜோடியின் எண். கவனித்துத் திருத்துவதற்குள் நிரல் ஓடி முடித்துவிட்டது. இந்த ஜோடியில் பெரிய நட்சத்திரத்தின் எடை ஐம்பத்தைந்து சூரியன்களுக்குச் சமம் என்றது. திரையில் வளைகோட்டின்மேல் புள்ளிகள் அழகாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட விலகவில்லை.

ஐந்து வருடமாக இதே நட்சத்திரம் நாற்பதுதான். அப்போதும் புள்ளிகள் இவ்வளவு அழகாகத்தான் உட்கார்ந்திருந்தன.

முப்பத்தைந்து கொடுத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து வந்தது. நாற்பத்தெட்டு கொடுத்தாள். நாற்பத்தெட்டு. எதைச் சொன்னாலும் ஆமாம் சாமி போட்டது.

வானாய்வு மையத்தில் அவள் அளவீட்டாளர். சொந்தப் பெயர் வருகைப் பதிவில் இருக்கிறது. மற்றவர்கள் வாயில் இருப்பது தராசு. பட்டம் முடித்த கையோடு வந்தவள், முனைவர் ஆகவில்லை, வேறு இடம் தேடவும் இல்லை. எடை போடுவது அவள் வேலை. ஒன்றையொன்று ஒட்டினாற்போல் சுற்றும் கனத்த நட்சத்திரங்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் இரண்டும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அந்த ஒளியை நிறமாலையாக விரித்தால் திரையில் பள்ளங்கள் விழும். நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் பள்ளம் நீலப் பக்கம் நகரும், விலகிப் போவதன் பள்ளம் சிவப்புப் பக்கம். நகர்வு வேகத்தைச் சொல்லும், வேகம் எடையைச் சொல்லும். வேகத்தில் நூற்றுக்கு ஐந்து பிசகினால் எடையில் பதினைந்து பிசகும். அதனால் அவள் மெதுவாக வேலை செய்வாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

இந்த ஜோடி ஏறக்குறைய இரண்டே நாளில் ஒரு சுற்றை முடிக்கும். அதுதான் தொல்லை. எந்த இரவில் பார்த்தாலும் ஏறக்குறைய அதே நிலையில் நின்றது. இரண்டும் நன்றாக விலகி நிற்கிற நேரம் முதலில் அளந்த வருடம் பட்டப்பகலில் போய் விழுந்தது. இரவில் கிடைத்ததெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பள்ளங்கள். ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும் இரண்டு பேரில் யார் எங்கே என்று போர்வைமேல் தடவிச் சொல்வது போன்ற வேலை. நிரல்தான் தடவியது. எங்கிருந்து தொடங்குவது என்று அதற்கு ஓர் எண் மட்டும் வேண்டியிருந்தது.

மையத்தின் தலைவர் மறுநாள் இரவு விமானம் ஏற இருந்தார். ஆய்வாளர்கள் கூடும் மேடையில் அந்த நாற்பதைப் பற்றித்தான் பேச்சு. அவள் அவருடைய அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரு நிமிஷம்."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "அந்த ரெண்டு நாள் ஜோடி. நாப்பதுன்னு போட்டோமே."

"போட்டோம். நம்மளப் பாத்து ஊரே போட்டிருக்கு. அதுக்கென்ன?"

"அம்பத்தஞ்சு குடுத்தா அம்பத்தஞ்சும் வருது. முப்பத்தஞ்சு குடுத்தா முப்பத்தஞ்சு வருது."

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "நிரல்ல ஏதாவது கோளாறு இருக்கும்."

"இல்ல சார். பள்ளம் ரெண்டும் பிரியவே இல்ல. நாம எங்க தேடச் சொல்றமோ அங்கயே தேடிட்டு, கிடைச்சிடுச்சுங்குது."

"அப்ப முதல்ல நாப்பதுன்னு குடுத்தது யாரு?"

இதை மட்டும் அவர் கேட்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"நீங்கதான் சார். டீ மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஒரு நாப்பது இருக்கும், போட்டுப் பாருன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஆயிரம் சொல்லுவேன். நீ ஏன் கேட்ட?"

வேடிக்கைக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. பாதிச் சிரிப்போடு அவள் நின்றாள்.

"அது விலகி நிக்கிற நேரம் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப்போய், இப்ப சாயங்காலத்துக்கு வந்திருக்கு சார். சூரியன் விழுந்ததும் மேற்க கொஞ்ச நேரம் தெரியும். ஒரே ஒரு நிறமாலை கிடைச்சாப் போதும். இந்த வாரம் விட்டா அதுவும் சூரியன் வெளிச்சத்துல மறைஞ்சிடும். அப்புறம் மாசக்கணக்குல காத்திருக்கணும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "மேகமா இருக்கே."

"தெரியும் சார்."

அன்று மாலை மேகம் விலகவில்லை. பேருந்தில் வீட்டுக்கு வரும்போது வேறொன்று தோன்றியது. இந்த ஒரு ஜோடி மட்டும்தானா? மற்றவற்றுக்கும் யாரோ எங்கோ நின்றுகொண்டு சொன்ன ஓர் எண்ணில்தானே அவள் தொடங்கியிருப்பாள். நினைவில் தேடினாள். சிலது நினைவு வந்தது, வராததே அதிகம்.

அவள் கணவருக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன, தராசு முள்ளு ஆடுது?"

"எடை தப்பாப் போட்டுட்டேன்னு தோணுது."

"கூடவா குறைச்சலா?"

"அதுகூடத் தெரியலைங்க."

"லிப்ட்டுல பதிமூணு பேர்னு எழுதி ஒட்டுறோம். எவனாவது ஒல்லியா குண்டான்னு பாத்தா ஏறுறான்? ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஓடுதுங்கிறதுக்காக சரின்னு ஆயிடுமா?"

அவர் அவள் தட்டில் குழம்பை ஊற்றினார். "சாப்பிடு, ஆறுது" என்றார். அவள் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் பகல் முழுக்க ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். மாலையில் தொலைநோக்கிக் கூண்டுக்குப் போனபோது மேற்கே ஒரு பட்டை மட்டும் வெளுத்திருந்தது. தொலைநோக்கியை இயக்குகிறவனுக்குப் பைலட் என்று பெயர். கூண்டுக் கதவைத் திறக்கும்போது பயணிகளுக்கு அறிவிப்பது போல் ஏதாவது சொல்வான். அன்று அவளைப் பார்த்ததும் அதைச் சொல்லவில்லை.

"எங்கக்கா போகணும்?"

அவள் இடத்தைச் சொன்னாள். தொலைநோக்கி சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது.

"தண்ணித் தொட்டிக்கு மேல ஒரு முழம்தான் இருக்கு. இதுக்குக் கீழ போனா அலாரம் கத்தும்."

"கத்துற வரைக்கும் எடு."

மேகம் வந்து மறைத்தது. மேகம் நகர்ந்தது, பைலட் ஒளியை உள்ளே விட்டான். திரையின் ஓரத்தில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. இன்னொரு மேகம் வந்தது, எண்கள் நின்றன, மறுபடி ஏறின. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அலாரம் கத்தியது. பைலட் பொத்தானை அழுத்தி நிறுத்தினான்.

"இவ்வளவுதான்க்கா. போதுமா?"

நிறமாலை இரைச்சலோடுதான் வந்தது. ஆனால் பள்ளம் இரண்டு. நடுவில் வெளிச்சமான மேடு, தெள்ளத் தெளிவாக. எந்த நிரலும் தேவையில்லை, கண்ணே போதும். நாற்பது சரியென்றால் இரண்டும் இவ்வளவு தள்ளி நிற்க முடியாது. அது பார்த்த உடனே தெரிந்தது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. ஐந்து வருடமாகத் தப்பைச் சொல்லியிருக்கிறோம் என்ற நினைப்பில் அது போய்விட்டது.

கைப்பேசி அடித்தது. தலைவர். பின்னால் விமான நிலைய அறிவிப்புகள் கேட்டன.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். நாப்பது இல்ல."

"அப்ப எவ்வளவு? அம்பத்தஞ்சா?"

"இன்னும் அளக்கலை."

"என்னைக் கூப்பிட்டுட்டாங்க, விமானத்துல ஏறணும். பாத்ததும் உனக்கு ஒண்ணு தோணியிருக்குமே. உத்தேசமாச் சொல்லு."

தோன்றியிருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வேண்டாம் சார். சொன்னா அப்புறம் அதையேதான் அளந்து குடுப்பேன்."

"மேடையில ஏறி நான் என்னத்தச் சொல்ல?"

"நாப்பதை எடுத்துக்கிட்டவங்க எல்லாரும் எதிர்லதான உக்காந்திருப்பாங்க. அது வேண்டாம்னு சொல்லுங்க. அளந்தது நான்தான்னும் சொல்லுங்க."

"கட்டுரையில ரெண்டு பேர் பேரும்தான் இருக்கு" என்றார் அவர். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. இணைப்பு அறுந்தது. அவர்தான் வைத்தாரா என்பதும் தெரியவில்லை.

பைலட் கூண்டை மூடும் பொத்தானுக்குக் கையை நீட்டினான்.

"இரு. மூடாத" என்றாள். இன்னும் மறையாத ஒரு ஜோடி தெற்கே இருந்தது. முப்பத்திரண்டு என்று அவள் எழுதிக் கொடுத்திருந்த ஜோடி. அதன் இடத்தைச் சொன்னாள். சொல்லும்போது ஓர் எண் பிசகி, மறுபடி சொன்னாள்.

"அது முடிஞ்ச கேஸ்தானேக்கா?"

"திருப்பு."

தொலைநோக்கி நகரத் தொடங்கியது. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அவள் காலியான திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.