கிணற்றுக்குள் பன்னிரண்டு வருஷம்

போன மாதம் என் தம்பி தேவா, என் வீட்டு கிச்சன் சிங்க்கில் ஒயினைத் துப்பினான். சும்மா ஒயின் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நான் பொத்திப் பொத்திப் பாதுகாத்த ஒயின்.

பதறாதீர்கள்... இந்தப் பத்தியை எழுதுகிறவள் அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டாளோ என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ரசத்தில் அரை டம்ளர் — அதுதான் என் அதிகபட்சம். தேவாவுக்குத்தான் ஒயின் பிழைப்பு. அருப்புக்கோட்டையில் பிறந்து, மதுரையில் விவசாயம் படித்து, கலிஃபோர்னியாவில் ஒரு பழைய திராட்சைத் தோட்டத்தில் ஒயின் தயாரிக்கிறான். வாயில் வைத்து, உருட்டி, துப்பிவிடுவான். அதற்குச் சம்பளம். சர்ச்சில் இதைச் சொல்லிப் புரியவைக்க எங்கள் அம்மா பட்ட பாடு தனிக் கதை.

அந்தத் தோட்டத்துக் கொடிகளுக்கு நூறு வயசுக்கு மேல் இருக்குமாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தன் கையால் முதன்முதலாகச் செய்த சிவப்பு ஒயினில் இரண்டு பாட்டில் கொண்டு வந்தான். மதுரையில் இருக்கும் எனக்கு ஒன்று. மல்லாங்கிணறு பக்கம் விவசாயம் பார்க்கும் என் தங்கை எஸ்தருக்கு ஒன்று.

“இது வயசாக வயசாகத்தான் நல்லா வரும். திறந்துராதீக. இருட்டுல, குளுமையில, படுக்க வச்சிருக்கணும். ஆட்டக் கூடாது” என்றான்.

நான் என்ன செய்தேன்? ஹால் ஷோகேஸில், நான் வாங்கிய கேடயங்களுக்கு நடுவே நிற்க வைத்தேன். வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? “தம்பி செஞ்சது... கலிஃபோர்னியா...” என்று சொல்ல வேண்டாமா? வாரம் தவறாமல் எடுத்துத் துடைக்கவும் செய்தேன்.

இந்தத் தடவை தேவா வந்தது லீவுக்கு அல்ல. தோட்டத்துக்காரர் அந்தப் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு பாதாம் வைக்கப் போகிறாராம். காய்ப்பு குறைவு, கட்டுபடியாகவில்லை. இந்தக் கொடிகளின் ஒயின் வருஷக்கணக்கில் கெடாமல் நிற்கும், அதை நம்பி விற்கலாம் என்று இவன் மன்றாடியிருக்கிறான். நின்றதைக் காட்டு என்றிருக்கிறார் அவர். எதைக் காட்ட? எடுத்து வைத்திருந்த பழைய பாட்டில்கள் எல்லாம் ஒரு காட்டுத்தீயில் குடோனோடு போய்விட்டன. மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு — எங்கள் இரண்டும்தான்.

கார்க்கைத் திறக்காமலே ஊசி வழியாகக் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கும் கருவி ஒன்று கொண்டு வந்திருந்தான். என் பாட்டிலில் குத்தினான். மோந்து பார்த்தான். வாயில் வைத்தான். சிங்க்குக்கு ஓடினான்.

“காடியாப் போச்சுக்கா” என்றான். திட்டக்கூட இல்லை. மதுரை வெயில், டியூப் லைட், வாராவாரம் என் துடைப்பு... எல்லாம் சேர்ந்து முடித்துவிட்டன. இத்தனை வருஷம் அந்தக் கொடிகளோடு கிடந்தவன், அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம்மில் பாதிப் பேர் பார்வைக்குத்தானே வைக்கிறோம்?

வெட்கத்தை மறைக்க வேண்டுமே. “ஃப்ளாட்டுல வச்சதே இப்பிடின்னா, எஸ்தர் அந்த ஓட்டு வீட்டுல என்னத்தக் காப்பாத்திருக்கப் போறா?” என்றேன்.

இந்த வாய் இருக்கிறதே...

மறுநாள் காலையில் மல்லாங்கிணறு போனோம். எஸ்தர் எங்களை வீட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. நேராகக் காட்டுக் கிணற்றுக்குக் கூட்டிப் போனாள். நல்ல ஆழமான கிணறு. மூன்று தடவை தோண்டிப் பார்த்தும் ஊறவில்லை. வற்றிப் பல வருஷம் ஆகிறது. பாதி ஆழத்தில், தண்ணீர் இருந்த காலத்தில் மோட்டார் வைப்பதற்காகச் சுவரைக் குடைந்து வெட்டிய பொந்து ஒன்று இருக்கிறது.

“உள்ளதான் இருக்கு” என்றாள் எஸ்தர்.

அவள் வீட்டுக்காரர் தங்கராசு என்னிடம் முறையிட்டார். “ரெண்டு ஆடு விழுந்து செத்துருச்சு மதினி. மூடிருவோம்னு ரெண்டு தடவ டிராக்டர்ல மண்ணு கொண்டாந்தேன். ரெண்டு தடவையும் வண்டிக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டா. எந்தம்பி பொருளு உள்ள கெடக்குன்னு சொல்றா. அப்புறம் என்ன செய்ய, சுத்தி முள்ளு வெட்டிப் போட்டேன்.”

“எடுத்து வேற எங்க வைக்கச் சொல்றீக?” என்றாள் எஸ்தர். “இந்த ஊர்ல குளுமை வேற எங்க இருக்கு?”

தேவா படியில் இறங்கினான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எஸ்தரும் பின்னாலேயே இறங்கினாள். நான் மேலே நின்று எட்டிப் பார்த்தேன். பொந்துக்குள் மணலைக் குவித்திருந்தாள். கையால் மெதுவாக விலக்கினாள். பழைய பருத்திச் சேலைத் துண்டு சுற்றி, படுத்த வாக்கில் பாட்டில்.

மறுபடியும் ஊசி. தேவா கிளாஸைச் சுழற்றினான். மோந்தான். வாயில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“கெட்டுப் போச்சாலே?” எஸ்தர் குரலில் அப்படி ஒரு பயம்.

அவன் துப்பவில்லை. முழுங்கினான். “உசுரோட இருக்குக்கா” என்றான்.

கலிஃபோர்னியாவில் ஒயின் வைக்கிற அறைகள் இதைவிடக் குளிர்ச்சியாம். இங்கே கொஞ்சம் வேகமாக வயசு ஏறியிருக்கிறதாம். “இருந்தாலும் மல்லாங்கிணத்துல பன்னெண்டு கோடையத் தாங்கிருச்சுல்ல. இதுக்கு மேல அந்த மனுசனுக்கு என்னத்தக் காட்டணும்?”

எஸ்தரும் தயங்கித் தயங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். “நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கப் பிடிக்கி. கடைசியில புதுமழ வாசம் வருது.” தேவா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். இன்டர்நெட்டில் நாலு கட்டுரை படித்துவிட்டுப் போயிருந்த எனக்கு இப்படி ஒரு வார்த்தை தோன்றியிருக்காது. ஆனால் பெருமை வந்தது. என் தங்கச்சி, என் தங்கச்சி என்று பஸ்ஸில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றிலிருந்து மேலே வந்ததும் எஸ்தர் கேட்டாள். “அந்தக் கொடிக்கு எத்தன நாளைக்கு ஒருக்கத் தண்ணி பாச்சுவீக?”

“பாச்சவே மாட்டோம்க்கா. மழைதான். வேரு அதுபாட்டுக்குக் கீழ எறங்கித் தேடிக்கிரும்.”

“அப்ப மானாவாரின்னு சொல்லு.” தங்கராசு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

பாட்டிலோடு தேவா திரும்பிப் போனான். நாலு நாள் கழித்து எஸ்தருக்கு வீடியோ கால் வந்தது. நானும் அங்கே இருந்தேன் — பெருமையில் பங்கு கேட்க வேண்டுமென்றே போயிருந்தேன். திரையில் தேவாவும், பக்கத்தில் கிளாஸோடு தோட்டத்துக்காரரும். வெயிலில் சிவந்த முகம். இதை எந்த மாதிரி அறையில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். தேவா தமிழில் சொன்னான்.

நான் எஸ்தர் காதோரமாக, “அண்டர்கிரவுண்டு ரூமுன்னு சொல்லுடி” என்றேன். வெளிநாட்டுக்காரர் முன்னால் ஊர் மானம் முக்கியம் இல்லையா?

அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “தேவா, தண்ணி வத்துன கெணறுன்னே சொல்லு. அவுகளும் மழய நம்பித்தான வெள்ளாம வைக்கிறாக. அவுகளுக்குப் புரியும்.”

புரிந்திருக்கிறது. கொடிகளைப் பிடுங்கவில்லை.