நாற்பது படங்களில் ஒன்று

தங்கைக்கு வெளிநாட்டுக் காட்சிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது முதலில் கைதட்டியவள் அக்காதான். கை தட்டிக்கொண்டிருக்கும்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

தங்கையைப் பாட்டுக்காரர்கள் பூனை என்று கூப்பிடுவார்கள். எந்த அரங்கத்திலும் சேர்த்துக்கொள்ளாத இசைக்குழுக்கள் ஞாயிறு மத்தியானங்களில் ஒரு டயர் கடைக்கு அடியிலிருந்த நிலவறையில் கூடிப் பாடும். அதைப் பதினான்கு வருடமாகப் படம் பிடித்து வந்தவள் அவள். அத்தனை நெரிசலிலும் ஒருவர் காலையும் மிதிக்காமல் உள்ளே போய் வெளியே வந்துவிடுவாள். அதனால் அந்தப் பெயர். அக்காவுக்குப் பட்டப்பெயர் ஒன்றும் கிடையாது. கடைத்தெரு ஸ்டூடியோ ஒன்றில் பிரிண்ட் போடுகிற வேலை. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் முன்னறையோடு திரும்பிவிடுவார்கள். பின்னால் இருட்டறையில் சிவப்பு விளக்குக்கு அடியில் இருபது வருடமாக ஒருத்தி நிற்கிறாள் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காட்சிக்கு நாற்பது படங்கள் வேண்டும், கையில் ஆறு வாரம். யார் பிரிண்ட் போடுவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

"நீ இருக்கும்போது எனக்கென்னக்கா கவலை?" என்றாள் தங்கை.

பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அக்காவுக்கு அது, தண்ணீர்க் குழாய் இருக்கும்போது என்ன கவலை என்று சொன்ன மாதிரி இருந்தது.

போதாததற்கு அம்மா. "சின்னவ வெளிநாடு போறா" என்று தவறான எண்ணுக்கு அழைத்தவரிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள். பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று யாராவது விசாரித்தால், "அவளுக்கென்ன, இருக்கா" என்பதோடு சரி. தங்கை புதுப் பெட்டி வாங்கி வந்து கூடத்தில் உருட்டிக் காட்டினாள். "சக்கரம் சரியில்லையே" என்றாள் அக்கா. சக்கரம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் வேலையில் அவள் வஞ்சனை செய்யவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முதலில் துண்டுத் தாளில் வெளிச்சம் பார்த்தாள். மருந்துத் தட்டை ஆட்டி ஆட்டித் தோள்பட்டை இறங்கிப்போனது. காய்ந்த படங்களில் தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை ஒற்றை மயிர்த் தூரிகையால் அடைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாலும் பழகிய கைக்குத் தப்பாகச் செய்யத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் அழைப்பிதழ்ப் படத்தின் முறை வந்தது. காட்சிக்கூடத்தார் நாற்பதிலும் அதைத்தான் முதலாவதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாடகி ஒருத்தி சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடக்கிறாள். சுற்றிலும் கால்கள், எல்லாம் குதிக்கிற கால்கள். நடுவில் அவள் மட்டும் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்த நெகட்டிவ் இருந்த துண்டில் ஆறு படங்கள். அக்கா அதை விளக்குப் பலகையில் வைத்து உருப்பெருக்கியில் கண்ணை ஒட்டினாள். சிரிக்கும் பாடகிக்கு முந்தின படத்தில், கூட்டத்தில் வாயைப் பிளந்து கத்திக்கொண்டு நின்றது தங்கை. அடுத்த படத்திலும் தங்கைதான், தலைமுடி பறக்க.

படத்துக்குள்ளே நிற்கிறவள் எப்படிப் படம் எடுப்பாள்?

அந்த மத்தியானம் அக்காவுக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. பதினோரு வருடம் ஆயிற்று. "கொஞ்சம் பிடிக்கா, முன்னாடி போய் ஆடிட்டு வந்துடறேன்" என்று கேமராவை அவள் கையில் திணித்துவிட்டு ஓடியிருந்தாள் தங்கை. சும்மா நிற்பானேன் என்று அக்கா நாலைந்து தடவை அமுக்கினாள். அதோடு மறந்தும் போனாள்.

இப்போது அவளுக்கு வந்தது கோபம் என்று சொல்ல முடியாது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷி. இரண்டு நாள் அதை யாரிடமும் சொல்லாமல் மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் தங்கை இருட்டறைக்கு வந்ததும் நெகட்டிவ் துண்டை நீட்டினாள்.

"இதை எடுத்தது யாரு?"

தங்கை அதைப் பலகையில் வைத்து உருப்பெருக்கியில் குனிந்து பார்த்தாள்.

"நீதான்க்கா."

"தெரியுமா உனக்கு?"

"ரோலைக் கழுவின அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

"எப்படித் திறப்பேன்?" தங்கையின் குரல் உடைந்தது. "வாரா வாரம் போய் நிக்கறேன், எனக்கு அந்த மாதிரி ஒண்ணுகூட வரல. நீ ஒரே ஒரு நாள் கேமராவைப் பிடிச்ச, வந்துடுச்சு. எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்? யாருமே கேட்காததால என்னுதாவே ஆக்கிக்கிட்டேன்."

தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிவாள், அதுவும் இவள், என்று அக்கா கனவிலும் நினைத்ததில்லை. உள்ளதைச் சொன்னால், கேட்க இனித்தது. அதற்காக விட்டுவிடவும் இல்லை.

"என் பேரைப் போடு."

"போடறேன்."

"அவங்க ஒத்துக்கலைன்னா?"

"அந்தப் படம் போகாது. முப்பத்தொன்பதோட போறேன்."

தங்கை அங்கேயே நின்று காட்சிக்கூடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். நாலு நாள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு பதில் வந்தது. படம் இருக்கலாம், அடியில் அக்காவின் பெயர் வரும். ஆனால் காட்சி தங்கையுடையது என்பதால் அழைப்பிதழுக்கு வேறு படம். தங்கை தயங்கித் தயங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் கலைந்துபோன நிலவறையில் டிரம் வாசிப்பவன் தனியாக உட்கார்ந்து வேர்வையில் நனைந்த காலுறையைப் பிழிகிறான். இருட்டுக்குள் அந்தக் கை மட்டும் துலங்கும்படி பிரிண்ட் போட அக்காவுக்கு ஒன்பது தாள் வீணானது.

காட்சி திறந்த அன்று தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். அக்காவும் அம்மாவும் போனை நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சுவர்கள், கையில் கோப்பையோடு மனிதர்கள்.

"இதோ பாருக்கா, உன் பேரு."

பெயர் இருந்தது, எழுத்துப் பிழை இல்லாமல். அக்கா அதை இரண்டு தடவை வாசித்தாள். மெல்ல அம்மா கேட்டாள்: "மத்ததுங்க முன்னாடி எல்லாம் ஆள் நிக்குது. இது முன்னாடி யாரையும் காணோமே?"

உண்மைதான். போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். எதிர்ச் சுவரில்தான் கூட்டம் அப்பிக்கொண்டு நின்றது.

"அங்க என்ன?" என்றாள் அக்கா.

தங்கை போனைத் திருப்பினாள். காலுறை பிழிகிறவன்.

அக்காவுக்குப் பழைய எரிச்சல் அடிவயிற்றில் மறுபடி பற்றிக்கொண்டது. நாலு பேர் தலைக்கு மேலாக அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"நல்லாத்தான்டி எடுத்திருக்க," என்றாள் கடைசியில். "கொஞ்சம் கிட்டக் கொண்டு போ, சரியாத் தெரியல."