இரண்டு கிடார், ஒரே இயர்போன்

ஜப்பானியர் இருவர் அகூஸ்டிக் கிடார் வாசிக்கும் வீடியோவை முதலில் காட்டியவன் என் நண்பன் துரைதான். பாட்டு கிடையாது, டிரம்ஸ் கிடையாது. ஏதோ ரயில் நிலைய வாசலில் முழங்கால் முட்ட உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் மைசூரு விஜயநகர்க்காரன், சர்ச் கொயருக்குக் கிடார் வாசிப்பவன். அவன் ஹனூர் பக்கத்து ராமாபுரத்திலிருந்து வந்து என் ஆபீசில் சேர்ந்தவன்.

இருவருக்குமே இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆபீஸ் பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வோம். அந்தப் பதிவுகளில் ஒருவர் வாசிப்பது இடப்பக்கமும் மற்றவர் வாசிப்பது வலப்பக்கமும் கேட்கும். அவன் காதில் விழுந்ததை அவன் கற்றான், என் காதில் விழுந்ததை நான். மெட்டு அவனுக்குப் போயிற்று, அடியில் ஓடும் பேஸும் தாளமும் எனக்கு. உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. துரைக்கு ஜன்னல் சீட் வேண்டும், அந்தப் பக்கத்துக் காதில் மெட்டு கேட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஜப்பானியர்கள் வளர்ந்தார்கள். ரயில் நிலையம் போய் சின்ன அரங்கம் வந்தது, பிறகு பெரிய அரங்கம், கோட்டு சூட்டு. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனதை நான் கவனிக்கவேயில்லை. நாங்களும் எங்கள் அளவுக்கு வளர்ந்தோம்: கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள், ஒருமுறை ஹனூரில் பள்ளி ஆண்டுவிழா. மேடையில் அவனோடு உட்காரும்போது மட்டும்தான் நான் இசைக்காரன். என் பாகத்தைத் தனியாக வாசித்தால் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கும்.

பிறகு அவர்கள் பிரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சண்டை சச்சரவு எதுவும் இல்லையாம், மரியாதையாகக் குனிந்து வணங்கிப் பிரிந்தார்கள். சில மாதங்களில் அவர்களில் ஒருவர் இரண்டு பாகத்தையும் ஒரே கிடாரில் வாசித்து வீடியோ போட்டார். கட்டைவிரலில் பேஸ், மற்ற விரல்களில் மெட்டு. நண்பன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"மாப்ள, நீ வாசிக்கிறத எனக்கும் சித்த சொல்லிக் குடு. சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்" என்றான்.

சந்தோஷமாகவே சொல்லிக்கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் என் பாகத்தை யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அவன் கட்டைவிரல் தடுமாறிய இடத்தையெல்லாம் நானே பிடித்துத் திருத்தினேன். காபி வேறு.

நவம்பரில் எங்கள் லேஅவுட் பூங்காவில் கன்னட ராஜ்யோத்சவ விழா, கர்நாடகம் உருவான நாளுக்காக. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் அவன் படம் மட்டும் இருந்தது. போன் செய்தேன்.

"ஒத்த மைக்குதான் இருக்குதாமா மாப்ள. அதான் உன்னக் கூப்புடல."

ஒற்றை மைக்காம். எத்தனை ரிசப்ஷனில் ஒற்றை மைக்கை நடுவில் வைத்து வாசித்திருக்கிறோம். "சரி" என்றேன்.

"போகாதீங்க, விடுங்க" என்றாள் மனைவி. போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில், ஐந்தாறு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். தடுமாறட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. அவன் தடுமாறவில்லை. என் பேஸ் அவன் கட்டைவிரலில் நிதானமாக ஓடியது. பக்கத்திலிருந்த பென்ஷன்தாரர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

முடிந்ததும் கிடார் பையை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"எப்படி மாப்ள இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

ஒப்புக்குச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருநாளும் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.