ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது

ஜூன் வெயிலில், காலில் மாட்டிய காலிபரின் இரும்புச் சட்டம் சுடும். வியர்வையில் ஊறிய தோல்பட்டை ஒருவித ஈரநாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தோடுதான், இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலை இழுத்துக்கொண்டு, திருவண்ணாமலையில் கோயில் மதிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். வகுப்பு மாடியில். படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது.

தலைமையாசிரியை என் அம்மாவை வரவழைத்தார். "உங்க பொண்ணு கீழயே எட்டாவது பொண்ணுங்களோட உக்காரட்டும்மா. பாடத்த எழுதி அனுப்பறோம். ஒருத்திக்காக ஸ்கூலயே மாத்த முடியுமா?"

ராஜகோபுரத்துக்கு எதிரே பூ விற்கும் அம்மா, யாரிடமும் அதிர்ந்து பேசாதவள், "எட்டாவதுதான் பாஸ் பண்ணிட்டாளேங்க, திரும்ப எதுக்கு அங்க உக்காரணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மணியடிக்குமுன் கீழ்ப்படியில் உட்கார்ந்து காலைக் குறுக்கே நீட்டினேன். மேலே போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். காலடிச் சத்தம் கேட்டும் காலை மடக்கவில்லை. முதலில் வந்தவள் ஷமீம், வளையல்கடை பாய் மகள். நின்று பார்த்தாள். "நானும் மேல போகல" என்று பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் தாண்டத் தயங்கி ஒவ்வொருத்தியாக வராந்தாவிலேயே உட்கார, கடைசியில் மாடியில் யாருமே இல்லை.

"எழுந்திரிங்கடி. அத்தனை பேருக்கும் டி.சி. குடுத்துடுவேன்" என்றார் தலைமையாசிரியை. சிலர் அழுதார்கள். யாரும் எழவில்லை.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வந்தார். காலனியிலிருந்து வருகிறவர் என்பதால் ஆசிரியர் அறையில் அவருடைய டம்ளரை மற்றவர்கள் "தனியா" வைத்திருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். எங்களைப் பார்த்தார், படியைப் பார்த்தார்.

"மேல போர்டு மட்டும்தான் மேடம் இருக்குது. கிளாஸ் இங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு, வராந்தாச் சுவரிலேயே சுண்ணக்கட்டியால் கணக்கை எழுத ஆரம்பித்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் எட்டாம் வகுப்பு மாடிக்குப் போக, கீழே அவர்கள் அறைக்கு நாங்கள் மாறினோம். தலைமையாசிரியை அதன்பின் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. நிரந்தர வேலையில் இல்லாத கணக்கு டீச்சரை ஆண்டு முடிவில் அனுப்பிவிட்டார்கள். ஏன் அனுப்பினீர்கள் என்று நானும் ஷமீமும் அலுவலக வாசலில் நின்று கேட்டோம். பத்தாம் வகுப்பு முடியும்வரை, தலைமையாசிரியையைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

அந்தக் கட்டடத்தைப் போன வருடம் இடித்துவிட்டார்கள். உடன் படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் பழைய படங்களைப் போட்டு உருகுகிறார்கள். நான் உருகவில்லை. போகவேண்டியதுதான் போயிற்று.

இப்போது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நானும் கணக்குதான் நடத்துகிறேன். அங்கே வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் சக ஆசிரியர் ஒருவர் தினமும் பைக் நிறுத்துகிறார்.

"சக்கர நாற்காலில இங்க யாருமே வர்றதில்லயே டீச்சர்" என்றார் நேற்று.

"வழிய அடைச்சு வச்சா எப்படிங்க வருவாங்க? வண்டிய எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். இன்று காலை மறுபடியும் அங்கேதான் நிறுத்தியிருந்தார். நானும் மறுபடி போய் அவர் முன்னால் நின்றேன்.