ஆணியில் மாட்டிய வில்லை

அந்த வருஷங்களில் என் தங்கை புருஷனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். கப்பலேறிச் சீமைக்குக் கூலி வேலைக்கு முதலில் போனவன் நான். அவனைக் கூட்டிப் போனவனும் நான்தான். அங்கே ஓர் அணு உலையில் தீப்பிடித்தது. அணைந்த பிறகு உள்ளே சுத்தம் செய்ய ஆள் எடுத்தார்கள், இருவரும் போனோம். எங்கள் தீவுக்குத் திரும்பி ரோஷ் புவாவில் ஒரே வீட்டில் இருந்தோம். உடம்பைச் சோதித்துக்கொள்ளச் சொல்லிச் சீமையிலிருந்து கடிதம் வந்ததோ அவனுக்கு மட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போ பசான் ஊரில் ஒரு டாக்டர் அவனுக்கு ரத்தம் எடுப்பார், கழுத்தைத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். அன்றைக்குத் தங்கை ஆட்டீரல் வதக்குவாள். அவன் தட்டில் ஈரல், என் தட்டில் பருப்பு.

"எனக்கு?"

"உனக்கென்ன கேடுண்ணே? பாறாங்கல்லாட்டம் இருக்கே. தொக்தேர் அவருக்குத்தானே ரத்தம் எடுக்கிறாரு."

தைப்பூசத்திலும் அவனை நிழலில் உட்கார வைத்தார்கள். நான் வெயிலில் காவடி தூக்கினேன்.

காரணம் எனக்குத் தெரியும். உலைக்குள் போகும் ஒவ்வொருவன் சட்டையிலும் சின்ன பிலிம் வில்லை குத்துவார்கள். உடம்பில் படும் கதிர்வீச்சுக்கு ஏற்ப அது கறுக்கும். அதிகம் கறுத்தால் வேலை போய்விடும். அவன் சொன்னபடி குத்திக்கொண்டான். பதினோராம் நாள் வெளியே அனுப்பினார்கள். நான் என் வில்லையை உடை மாற்றும் அறை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். அவன் போன பிறகும் ஒரு மாதம் வேலை பார்த்தேன். அவனை ஏமாளி என்று சிரித்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் என் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை அவனோடு பஸ் ஏறினேன்.

"நீ எதுக்கு மச்சான்?"

"உன் ரத்தத்தை எவனாவது திருடிட்டா? காவலுக்கு."

சீமையிலிருந்து டாக்டருக்கு வந்திருந்த வில்லைக் கணக்குத் தாளில் என் பெயரும் இருந்தது. எதிரே வாரத்துக்கொரு பூஜ்யம். தெரிந்த இங்கிலீஷில் ஆணியைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். எந்த இடத்தில் நின்றாய், எத்தனை நேரம் என்று கேட்டார். எனக்கு நினைவில்லை.

"எனக்கு முன்னாலதான் நின்னான். நான் வாளி கொடுப்பேன்," என்றான் மச்சான். அது பதினோரு நாளுக்குச் சரி. அதன் பிறகு சொல்ல ஆளில்லை.

எனக்கும் ரத்தம் எடுத்தார். பிறகு பூஜ்யங்களை அடித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டார். மச்சான் வாங்கியது எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியுமாம். நான் வாங்கியதை இனி யாராலும் சொல்ல முடியாதாம். அவ்வப்போது ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இருவரும் கையில் பஞ்சோடு வீடு வந்தோம். அன்றைக்குத் தங்கை என் தட்டிலும் ஈரல் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. எதிரே அவன் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். தன் கணக்கு தெரிந்தவன், நிம்மதியாகத் தின்றான். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.